துண்டுத் துணிக்கு ஒன்பதாயிரமோ? விசுவமடுப் பக்கத் தையல் கடை பற்றி

முதலே சொல்லிப்போடுறன், மலிவா ஒரு கிப்ட் வாங்கிக்கொண்டு ஓடுவம் எண்டு நினைக்கிற ஆக்களுக்கு இந்தக் கடை சரிவராது. பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்குப் போற ரோட்டில, விசுவமடுவுக்குக் கிட்டவா ஒரு உள்ளொழுங்கை, அதுக்குள்ள ஒரு வீட்டு விறாந்தையை அடைச்சுக் கொஞ்சப் பொம்பிளையள் சேந்து நடத்துற தையல் கடை. போர்ட் இல்லை. ஏன் போடேல்ல எண்டு கேட்டா, போட்டா அதுக்கும் காசு கட்டச் சொல்லி ஆக்கள் வருவினம் எண்டு சிரிக்கினம். அவையே பேர் போடாத இடத்தில நானும் போடேல்ல. அந்தப் பக்கம் போய் துணிப்படம் தைக்கிற வீடு எது எண்டு கேளுங்கோ, எந்த ஓட்டோக்காரரும் காட்டுவார்.

பாக், போன் பை, ஒட்டுப்போட்ட போர்வை, துணிப்படம், இவ்வளவும் இருக்கு. பாக் பார்வைக்கு வடிவு ஆனா சிப் மட்டமான சிப், என்ர தங்கச்சி வாங்கின தோள்பை பள்ளிக்கூடத் தவணை முடியிறதுக்குள்ள வாயைப் பிளந்திட்டுது. போர்வை நல்லம், காமன்ற் வெட்டுத்துண்டில தைக்கிறது, கொட்டன் துண்டையும் பொலியெஸ்டர் துண்டையும் கலக்கிறேல்ல, அதால தோய்ச்சாப் பிறகு ஒருபக்கம் சுருங்கி மற்றப்பக்கம் தொங்கிற கூத்து இல்லை. நானும் வீட்டில தைக்கிற ஆள் எண்டபடியா முதல்ல திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பாக்கிறனான், முடிச்செல்லாம் ஒழுங்கா மறைஞ்சிருந்துது.

ஆனா இந்தக் கடைக்குப் போறதெண்டா துணிப்படத்துக்காகத்தான் போகோணும். சணல் சாக்கை நல்லா அவிச்சுத் தோய்ச்சு அடித்துணியா வைச்சு, அதுக்கு மேல துண்டு துண்டா வெட்டி வீடு, மரம், குளம், மாடு, ஆக்கள் எல்லாம் கையால வைச்சுத் தைக்கிறது. ஆக்களின்ட தலைக்குள்ள பஞ்சு வைச்சு உருட்டியிருக்கும், தலைமயிர் கறுப்பு நூல், சட்டையில தொட்டுப் பாத்தா சுருக்குக்கூட வைச்சிருக்கினம். ஓரத்தைச் சுத்திவர வூல் நூலால குரோசே. சின்னது 3500 ரூபா, நடுத்தரம் 9000, நாங்கள் சொல்லித் தைப்பிக்கிறதெண்டா 15000 இல இருந்து தொடங்குது.

இந்த விலையைக் கேட்டுத்தான் சனம் பாயுது. நான் நிக்கேக்கயே ஒரு ஐயா வந்து, "துண்டுத் துணிக்கு ஒன்பதாயிரமோ பிள்ளை, சந்தையில பிரேம் போட்ட முருகன் படமே ஆயிரத்துக்குள்ள எடுக்கலாமே" எண்டு போட்டுப் போயிட்டார். ஐயா சொன்னது பொய்யில்லை, முருகன் மலிவுதான். ஆனா நடுத்தரப் படம் ஒண்டு தைக்க ஒராளுக்கு ஒரு கிழமைக்கு மேல செல்லும், அதுவும் சமைச்சுப்போட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால கூட்டிக்கொண்டு வந்து, லோன் காசு வாங்க வாற பொடியனுக்கு வாசலில நிண்டு பதில் சொல்லிப்போட்டு இருந்து தைக்கிறது. கணக்குப் பாத்தா கச்சான் புடுங்கப் போனாக்கூட இதைவிடக் கூடக் கிடைக்கும். நூல், பஞ்சு, சாக்கு, அவிக்கிற விறகுக் காசு எல்லாம் வேற.

உள்ள போனதும் எதிர்ச்சுவரில ஒரு படம் தொங்குது, அது விக்கிறதுக்கில்லை. பின்னால பெரிய பெரிய மலை, மலைக்கு மேல மஞ்சள் சூரியன், கீழ தகரக் கூரை வீடுகள், நடுவில ஒரு கிடாரம், சுத்திவரப் பொம்பிளையளும் பிள்ளையளும் கோப்பையோட. வாற சனம் எல்லாம் "இது நுவரெலியாவோ அக்கா" எண்டுதான் கேக்குதாம். மலை எண்டா எங்களுக்கு நுவரெலியாதானே. அது அந்தீஸ் மலை, நாடு சிலி, ஊர் சந்தியாகோ. கடையை நடத்துற அக்கா முந்தி ஒரு பயிற்சிக்குப் போன இடத்தில அங்கத்தைத் துணிப்படங்களின்ட போட்டோ காட்டினவையாம், அர்ப்பியேரா எண்டு பேராம், அதைப் பாத்து அவ தைச்சது. ஒரு பைல் நிறைய அந்தப் படங்களின்ட கலர் போட்டோக்கொப்பி வைச்சிருக்கிறா, கேட்டா எடுத்துத் தருவா, பிளேன்ரீயும் வரும், இருந்து ஆறுதலாப் பாக்கலாம். அவ சொன்னதையும் பிறகு நான் தேடி வாசிச்சதையும் சேத்து எழுதுறன். கடை ரிவியூக்குள்ள என்னத்துக்கு சிலி எண்டு கேக்காதேங்கோ, விலை விளங்கோணுமெண்டா இதுவும் தெரியோணும்.

1973 செப்டெம்பர் 11 அங்க ஆமி ஆட்சியைப் பிடிச்சது. சனம் வோட்டுப் போட்டு வந்த ஜனாதிபதி அயெந்தே அண்டைக்கே மாளிகைக்குள்ள செத்துப்போனார். ஜெனரல் பினோசே வந்து குந்தினவர் 1990 மார்ச் வரைக்கும் எழும்பேல்ல. நாடாளுமன்றத்தைப் பூட்டி, கட்சியளைத் தடை செய்து, ஊரடங்கு போட்டு, ஆயிரக்கணக்கில ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போச்சினம், அதில ஆயிரத்துக்கு மேல திரும்பி வரவே இல்லை, எங்க எண்டு போய்க் கேட்டா அப்பிடி ஒராளை நாங்கள் பிடிக்கவே இல்லையே எண்டு பதில். இந்தப் பதிலை வன்னியில ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

சந்தியாகோவின்ட ஓரங்களில ஏழைச் சனத்தின்ட குடியிருப்புகள் இருக்கு. அதில லா விக்டோரியா எண்டது 1957 ஒக்டோபர் கடைசியில சனம் இரவோட இரவா வெறுங்காணியைப் பிடிச்சுக் கொட்டில் போட்டு உண்டாக்கின ஊர், தொடக்கமே சட்டத்துக்கு வெளியாலதான். ஆமி வந்தாப் பிறகு இப்பிடியான இடங்களில ஆம்பிளையள் ஒண்டில் சிறையில, இல்லாட்டி வேலை போய் வீட்டில. அப்பத்தான் பொம்பிளையள் பொதுக் கிடாரம் வைக்கத் தொடங்கினது. ஒவ்வொரு வீட்டில இருந்தும் இருக்கிறதைக் கொண்டுவந்து ஒரு அடுப்பில போட்டு எல்லாப் பிள்ளையளுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது. கேக்கச் சாதாரணம் மாதிரித்தான் இருக்கும், ஆனா ஆக்கள் கூடுறதையே சந்தேகமாப் பாத்த காலம், கிடாரத்தைச் சுத்திக் கூடினா என்ன கதைப்பினம் எண்டு அவங்களுக்கும் தெரியும். காசு கட்ட ஏலாமல் கரண்டை வெட்டினா கம்பியில கொழுவிக் கள்ளக் கரண்ட். பைலுக்குள்ள அதுவும் ஒரு படமா இருக்கு, பொம்பிளை ஒராள் தடியால வயரைத் தூக்கிக் கொழுவிக்கொண்டு நிக்கிறா, பக்கத்தில இன்னொராள் ரோட்டைப் பாத்துக்கொண்டு காவல். எனக்குப் பிடிச்ச படம் அதுதான்.

இந்தத் தையல் குழுக்களுக்கு நிழல் குடுத்தது தேவாலயம். முதல்ல கன சபையள் சேந்து ஒரு கொமிற்றி வைச்சிருந்தவை, 1975 முடிவில பினோசே நெருக்கி அதைப் பூட்டப் பண்ணினார். அடுத்த மாசமே, 1976 ஜனவரியில, கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் கத்தோலிக்க சபைக்குக் கீழ புதுசா ஒண்டைத் திறந்தார், பேர் விக்காரியா தெ லா சொலிதாரிதாத், நகரத்து நடுவில பேராலயத்துக்குப் பக்கத்திலயே. காணாமல் போன ஆக்களின்ட தாய்மார், பெண்சாதிமார், சகோதரியள், கிடாரத்துக்கு அரிசி இல்லாத பொம்பிளையள், எல்லாரும் அங்க சேந்திருந்து தைச்சினம். சாக்குத்துணிதான் அடி. மேல ஒட்டுறதுக்குத் துணி இல்லாட்டி தங்கட பழஞ்சட்டை, சிலர் காணாமல் போன மகன்ட சேட்டையே வெட்டி அந்தப் பொம்மைக்குப் போட்டினம். படத்துக்குப் பின்பக்கம் ஒரு குட்டிப் பொக்கற், அதுக்குள்ள மடிச்ச கடதாசி, என்ன நடந்தது எண்டு நாலு வரி. தொடக்கத்தில பொம்பிளையளின்ட கைவேலை தானே எண்டு ஆரும் கணக்கெடுக்கேல்ல. விளங்கினாப் பிறகுதான் அரசுப் பக்கப் பத்திரிகையள் நாட்டைக் கேவலப்படுத்திற துணி எண்டு கத்தத் தொடங்கினது. அதுக்குள்ள அது சாமியார்மாரின்ர பெட்டிக்குள்ளயும் வெளிநாடு போற ஆக்களின்ட பாக்குக்குள்ளயும் கள்ளமாய் ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் போய்ச் சேந்திட்டுது.

போய் அங்க விலைக்கு வித்தது. இதைத்தான் நான் ஐயாவுக்குச் சொல்லியிருக்கோணும், அவர் மோட்டச்சைக்கிளை எடுத்திட்டார். வித்த காசு திரும்பி வந்து கிடாரத்துக்குள்ளயும் பிள்ளையளின்ட சப்பாத்துக்கும் போனது. எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு, கஷ்டப்பட்ட பொம்பிளை செய்த சாமான் எண்டா ஒண்டில் இரக்கப்பட்டுக் காசைக் குடுத்திட்டுச் சாமானை மூலையில போடுறது, இல்லாட்டி இவ்வளவு கஷ்டப்பட்டவைக்கு ஏன் இவ்வளவு காசாசை எண்டு முகத்தைச் சுளிக்கிறது. ரெண்டும் ஒண்டுதான், ரெண்டுபேரும் தையலைப் பாக்கேல்ல.

பைலில இன்னும் இருக்கு. சிலியில ஒரு நாட்டுப்புற ஆட்டம், குவேக்கா எண்டு, ஆணும் பெண்ணும் கைக்குட்டையோட சோடியா ஆடுறது. 1978 மார்ச் 8 காணாமல் போன ஆக்களின்ட பொம்பிளையள் மேடையேறி அதைத் தனிய ஆடினவை, சோடி நிக்க வேண்டிய இடம் வெறுமை. அதே வருசம் கடைசியில லொன்கென் எண்ட இடத்தில பழைய சுண்ணாம்புச் சூளைக்குள்ள 15 பேரின்ட எலும்பு எடுத்தது, அப்பிடி ஆக்களே இல்லை எண்ட கதை அதோட உடைஞ்சுது. 1979 இல பூட்டிக் கிடந்த நாடாளுமன்றத்துக் கேற்றில பொம்பிளையள் தங்களைத் தாங்களே சங்கிலி போட்டுக் கட்டினவை, அந்தப் படத்தில சங்கிலியை வெள்ளி நிற நூலால பின்னியிருக்கு, போட்டோக்கொப்பியில கூட மின்னுது. 1983 மே மாசம் நாடு முழுக்க இரவு சட்டி பானை தட்டின எதிர்ப்பு. அடுத்த வருசம் செப்டெம்பரில லா விக்டோரியாவில அந்திரே ஜார்லான் எண்ட பிரெஞ்சுப் பாதிரியார் தன்ர அறைக்குள்ள இருந்து பைபிள் வாசிச்சுக்கொண்டிருக்க பொலிஸ் சுட்ட வெடி பலகைச் சுவரால வந்து பட்டுச் செத்தவர். 1988 ஒக்டோபர் 5 வாக்கெடுப்பு, பினோசே வேண்டாம் எண்டு 56 வீதம் அளவில சனம் போட்டுது. தைச்ச பொம்பிளையளில கனபேருக்கு ஆக்கள் கிடைக்கேல்ல, அதையும் சேத்துத்தான் சொல்லோணும். படங்கள் இப்ப சந்தியாகோவில 2010 இல திறந்த நினைவு மியூசியத்தில கண்ணாடிக்குள்ள இருக்கு.

இந்தக் கடையில தைக்கிற ஒரு அம்மா, காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ட சொந்தங்கள் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில 2017 பெப்ரவரி 20 தொடங்கின போராட்டத்துக்குப் போறவ. போராட்ட நாளில கடைக்கு வரமாட்டா, அண்டைக்கு ஓடர் கேட்டுப் போனா இல்லையெண்டுதான் சொல்லுவினம், கோவிக்காதேங்கோ. எல்லாப் படத்துக்கும் முகம் வைக்கிறது அவதானாம், மற்றவை வைச்சா முகம் ஒரே மாதிரி வருதாம். நான் உத்துப் பாத்தன், உண்மை, கண்ணுக்கு ரெண்டு முடிச்சு வாய்க்கு ஒரு தையல் அவ்வளவுதான், ஆனா ஒரு முகம் மாதிரி மற்றது இல்லை.

இனி என்ர ஓடர். கனடாவில இருக்கிற அக்காவுக்கு எங்கட பழைய வீட்டைத் தைச்சுக் குடுக்கோணும் எண்டு போனனான். வீட்டின்ட போட்டோ ஒண்டும் இல்லை, எல்லாம் 2009 ஓட போச்சு, வாயால சொல்லத்தான் ஏலும். கடை அக்கா ஒரு கொப்பியை எடுத்து வைச்சுக்கொண்டு கேள்வியாக் கேட்டா. கிணறு எந்தப் பக்கம், துலாவோ கப்பியோ, வேலி கிடுகோ கிளுவையோ, மாமரம் காய்ச்சதோ இல்லையோ. பிறகு கொஞ்சம் நிப்பாட்டி, "பிள்ளை, பங்கர் போடவோ விடவோ?" எண்டா. கனடாவில ஹோலில கொழுவப் போற படம், பிள்ளையள் கேட்டா அக்கா என்ன சொல்லுவாள் எண்டு யோசிச்சன். "போடுங்கோ அக்கா, வாழைக்குப் பின்னால போடுங்கோ" எண்டன். "அப்ப அங்கதான் இருந்ததோ?" "ஓம்."

படம் வந்தாப் பிறகு பாத்தா வாழைக்குப் பின்னால நகம் அளவில மண்மூட்டையள் அடுக்கியிருக்கு, சாக்குத் துணியில இல்லை, சிவப்பும் பச்சையுமாப் பட்டுச்சேலைத் துண்டில. நான் அதைச் சொல்லவே இல்லை. கடைசிக் காலத்தில சனம் கூறைச்சேலையையும் வெட்டி மண்மூட்டை தைச்சது அவவுக்குத் தெரியாமல் இருக்குமோ. கனடா அக்கா வீடியோ கோலில அதைக் கண்டுபிடிச்சிட்டாள், வீட்டைப் பாக்கமுந்தி அதைத்தான் பாத்தவள். 15000 ரூபாவுக்கு மேல ஒரு 2000 கூடக் குடுக்கப் போனன், கடை அக்கா வாங்கேல்ல, விலை விலைதான் எண்டிட்டா. சரியாத்தான் சொன்னா.

குறையும் சொல்லோணும். சொன்ன திகதிக்குத் தராயினம். ரெண்டு கிழமை எண்டா மூண்டு நாலு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, போன் அடிச்சா எடுக்கிறதும் குறைவு, எடுத்தா "நாளைக்கு முடியும் பிள்ளை" எண்ட ஒரே பாட்டு. கனடாவுக்குப் போற ஆளிட்டக் குடுத்துவிட இருந்தனான், ஆள் போயிட்டுது, பிறகு குரியரில அனுப்பி அந்தக் காசு தனி. சிவப்புத் துணி சாயம் விடுது, ஓரத்தில தண்ணி பட்ட இடத்தில லேசா ரோஸ் நிறம் பரவியிருக்கு, தைக்கமுந்தி தண்ணியில ஊறவைச்சுப் பாத்திருக்கலாம். கொழுவுறதுக்கு மேல செருகித் தாற தடி வளைஞ்ச தடி, அதை நான் கழட்டி எறிஞ்சுபோட்டு வேற போட்டனான்.

அடுத்தது ரெடியாத் தொங்கிற படங்கள். வெளிநாட்டுச் சனமும் என்ஜிஓ ஆக்களும் கேட்டுக் கேட்டு இப்ப பாதிப் படத்தில மாட்டுவண்டி, பனை, மயில். எனக்கு மயிலைக் கண்டாலே அலுப்பு வருது. நல்லா விக்குதாம், அவையின்ட பிழைப்பு, ஒண்டும் சொல்ல ஏலாது, ஆனா வாங்கப் போற ஆக்கள் அதுக்குப் பின்னால மடிச்சு வைச்சிருக்கிறதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ. தண்ணி பவுசருக்கு வாளியோட லைனில நிக்கிற பொம்பிளையள் படம் ஒண்டு, லோன் காசு வாங்க வாறவனுக்கு ஒளிச்சு வீட்டுக்குள்ள லைட்டை நூத்துப்போட்டு இருக்கிற படம் ஒண்டு, அதைப் பாத்து நான் சிரிச்சுப்போட்டன், கதவிடுக்கால ஒரு சின்னப் பிள்ளையின்ட கண் மட்டும் தெரியுது. உண்மையான சாமான் அதுகள்தான். முன்னுக்கு ஏன் கொழுவேல்ல எண்டு கேட்டன். முன்னுக்குப் போட்டா ஆரும் வந்து கேள்வி கேப்பினம் எண்டா. ஆர் எண்டு நான் கேக்கேல்ல.

அதே காரணத்துக்குத்தான் பின்பக்கத்துப் பொக்கற்றும் வெறுமையாக் கிடக்கு. சிலிக்காரர் மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் பொக்கற் வைச்சுத் தைக்கினம், ஆனா உள்ள கடதாசி இல்லை, விலைத் துண்டுதான் இருக்கு. தைச்ச ஆளின்ட பேரையாவது எழுதி வையுங்கோவன் எண்டு சொல்லிப் பாத்தன். பேர் எழுதினா விபரம் எடுக்க வாற ஆக்களுக்கு வேலை லேசு எண்டு பகிடியாச் சொன்னா. பகிடி பாதிதான். வாங்கிற ஆக்கள் வேணுமெண்டா தாங்களே எழுதி வைக்கலாம், நான் எங்கட வீட்டு விலாசத்தை எழுதி வைச்சு அனுப்பினனான்.

சனிக்கிழமையில தையல் வகுப்பும் நடக்குது, 1500 ரூபா, காலமை தொடங்கி மத்தியானம் வரைக்கும், சாக்கும் துணியும் அவை தருவினம். படிப்பிக்கிறது நல்லாப் படிப்பிக்கினம், அவசரப்படுத்தாயினம், தலைக்குப் பஞ்சு உருட்டிற வித்தையைத் திருப்பித் திருப்பிக் காட்டினவை. ஆனா இவ்வளவு பேருக்கும் ஒரு ஃபான், பங்குனி சித்திரையில போனா அவிஞ்சு போவியள், ஊசி மொட்டை, உங்கட ஊசியைக் கொண்டு போங்கோ. சின்னப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகலாம், முத்தத்தில விளையாட விடுவினம்.

ஞாயிறு பூட்டு. காட் எடுக்க மாட்டினம், காசுதான். ஓகஸ்டிலயும் நத்தார் நேரமும் வெளிநாட்டுச் சனம் வந்து ஓடரை நிரப்பிப்போடும், அதுக்கு முந்திப் போய்ச் சொல்லுங்கோ, சிவப்பு வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ. விலை பேசாதேங்கோ, குறையாது. பாக் வாங்கிறதெண்டா அங்கயே நிண்டு சிப்பை நாலஞ்சு தரம் இழுத்துப் பாத்திட்டு வாங்குங்கோ.